கெல்லி கோட்டை வரை நீந்தி, மிதித்து, ஓடி

ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகக் கெல்லி கோட்டைக்குக் காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. வானொலியில் ஆறேழு பாட்டு முடிவதற்குள் அந்தச் செங்கல் கோபுரம் கண்ணில் பட்டுவிடும். மெங்லெம்பு, லஹாட் என்று பெயர்ப்பலகைகள் வரும், போகும். சாலை சமதளமாகத்தான் தெரியும். அதே சாலையில் சைக்கிளில் போய்ப் பாருங்கள். எங்கெங்கே ஏற்றம் ஒளிந்திருக்கிறது, எந்த வளைவில் காற்று எதிர்த்து அடிக்கிறது, எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்துவிடும்.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஒன்பது பேர் அந்தச் சாலையில் ஒரு டிரையத்லான் செய்தோம். பதக்கம், மேடை, விளம்பரப் பலகை எதுவும் கிடையாது. சட்டையில் குத்திக்கொள்ளும் எண்களைக்கூட ஓர் அண்ணன் தன் அலுவலகத்து அச்சு இயந்திரத்தில்தான் அடித்துக்கொண்டு வந்தார். பெயர் கொடுத்துக் கட்டணம் கட்டும் பெரிய போட்டிக்குப் போகுமுன் நம்மால் முடியுமா என்று பார்த்துவிடலாம் என்பதுதான் திட்டம். ஒன்பது பேரில் ஒருவர் ஆசிரியர், இருவர் தாதியர், ஒருவர் வங்கியில் வேலை, மற்றவர்கள் என்னைப்போல் கோலாலம்பூரில் கணினி முன் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள். வயது இருபத்தாறிலிருந்து ஐம்பத்து மூன்று வரை.

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்வது. 1974-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஓர் ஓட்டக் குழு விளையாட்டாகத் தொடங்கிய போட்டி இது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் லங்காவியில் நடக்கும் அயன்மேன் ஞாபகம் வரும். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் ஒரு முழு மாரத்தானும் ஓடுகிறார்களே, அது. அதைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இதில் ஒரு தம்பியும் இருக்கிறான். ஸ்பிரிண்ட் என்று பெயர். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். உலகத் தரத்து வீரர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் பயிற்சி செய்கிற சாதாரண ஆட்கள் ஒன்றரை மணி முதல் இரண்டே கால் மணி நேரத்தில் முடிக்கலாம்.

ஓட்டமும் சைக்கிளும் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. பேராக் தமிழர்களுக்கு ஓட்டம் புதிதல்ல. கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய அவருடைய தேசியச் சாதனை 49 ஆண்டுகள் அசையாமல் நின்றது. தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். இந்த இரண்டு பெயரையும் எங்கள் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நாளன்று தலைமையாசிரியர் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் நீச்சலுக்கு அப்படி ஒரு பெயரை யாரும் சொன்னதில்லை. தோட்டத்துப் பள்ளியில் திடல் இருந்தது, குளம் ஏது?

இல்லை, குளம் இருந்தது. அதுதான் சிக்கலே.

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிக ஈயம் கொடுத்த இடம். ஈயம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் தோண்டிய பள்ளங்கள் இருக்கின்றன. மழைநீர் நிரம்பி, ஓரத்தில் கோரைப்புல் முளைத்து, பச்சையும் நீலமுமாக ஏரி மாதிரியே மின்னும். விமானத்திலிருந்து பார்த்தால் யாரோ கண்ணாடித் துண்டுகளை வீசியெறிந்த மாதிரி இருக்கும். இயற்கையான ஏரி என்றால் கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும். ஈயக்குட்டையில் இரண்டடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆளே காணோம். அடியில் இருப்பது சேறு. பத்து காஜாவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங் சாலையில், 1938-இல் கட்டப்பட்ட 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல் ஒன்றை இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் வாளிகளைப் பார்த்தால், இந்தக் குட்டைகள் எப்படி வந்தன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் தாய்மாமா ஒருவர் அப்படி ஒரு குட்டையில்தான் போனார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது. அம்மா அவருக்கு இரண்டு வயது மூத்தவர். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் தண்ணீரில் இறங்கியதில்லை. பங்கோர் தீவுக்குப் போனாலும் கணுக்கால் நனையும் வரைதான். அம்மா கரையில் நின்று, "போதும், வா" என்பார். சின்ன வயதில் அதற்குக் காரணம் கேட்டதில்லை, கடல் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தாறு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்த அன்றே அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "தண்ணிக்குள்ள என்னாத்துக்குப் போற?" என்று கேட்டார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அழைத்து, வழக்கம்போல் சாப்பிட்டாயா என்று மட்டும் விசாரித்தார்.

கற்றுக்கொடுத்தவர் எழுபதை நெருங்கும் சீனர். அங்கிள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். முதல் மூன்று வகுப்பில் கை கால் அசைக்கவே விடவில்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து, மூச்சை வெளியே விடவேண்டும். அவ்வளவுதான். பெரியவர்களாகி நீந்தக் கற்கிறவர்களில் பெரும்பாலோர் நீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். அடக்கிய மூச்சோடு தலையைத் தூக்கினால் முதலில் பழைய காற்றை விடவேண்டும், பிறகு புதிய காற்றை இழுக்கவேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. நெஞ்சு அடைக்கும், பயம் வரும், பயத்தில் தலையை இன்னும் உயரத் தூக்குவோம், தலை உயர்ந்தால் கால் தாழும். மூழ்குவது இப்படித்தான் தொடங்குகிறது. நீருக்குள் குமிழியாக விட்டுக்கொண்டே இருந்தால், தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டுமே வேண்டும். "பெலான் பெலான்" என்பார் அங்கிள். மெதுவாக, மெதுவாக. எனக்கு அந்த இரண்டு சொல் வசப்பட நான்கு மாதமானது.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இது பணக்கார விளையாட்டு என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது முழுக்கப் பொய்யில்லை. பத்தாயிரம், இருபதாயிரம் ரிங்கிட்டுக்குச் சைக்கிள் விற்கிறார்கள். என்னுடையது ஒருவர் பயன்படுத்தி விற்றது, 1,800 ரிங்கிட். எங்களில் மூத்தவரான ஆசிரியர் அண்ணன், மகனின் மலைச் சைக்கிளில் வந்தார். நல்ல தலைக்கவசத்துக்கும் நீச்சல் கண்ணாடிக்கும் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு, தோழி ஒருத்தியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் 25 மீட்டர் குளத்தில் இறங்கினோம். முப்பது முறை குறுக்கே போகவேண்டும். இன்னும் விடியவில்லை, குளத்தின் அடி விளக்குகள் எரிந்தன. குடியிருப்பின் காவலாளி, நேப்பாளத்துத் தம்பி, சுவரோரம் நின்று எங்களுக்காக எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது சுற்றில் என் மூச்சு குலைந்தது. யாரோ பக்கத்தில் அடித்த நீர் வாய்க்குள் போய்விட்டது. அந்த நொடியில் மாமா ஞாபகம் வந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் வரவில்லை. குமிழி, குமிழி என்று மட்டும்தான் நினைத்தேன். மல்லாந்து பத்து நொடி மிதந்தேன், மறுபடி திரும்பினேன். இருபத்து நான்கு நிமிடத்தில் முப்பதும் முடிந்தது. கடைசியிலிருந்து இரண்டாவது ஆள்.

நீரிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடைவேளையை நான்காவது விளையாட்டு என்பார்கள். ஈரக் காலில் காலுறை ஏறாது. தலைக்கவசத்தின் வார் பூட்டிய பிறகே சைக்கிளை எடுக்கவேண்டும், இது எல்லாப் போட்டிகளிலும் கண்டிப்பான விதி. நாங்கள் எங்களுக்குள்ளேயே அதை வைத்துக்கொண்டோம்.

சாலையில் இறங்கும்போது கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் கிளேடாங் மலை கூடவே வருகிறது, அதன் இடுப்பில் பஞ்சுபோல் மேகம். மெங்லெம்பு கச்சானுக்குப் பேர்போன ஊர், ஆனால் காலையில் மூக்குக்கு வந்தது காப்பி வாசனைதான். பசியாற உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாமா ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே, "எங்கம்மா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை.

லஹாட்டைத் தாண்டும்போது பாப்பான் ஞாபகம் வராமல் இருக்காது. ஜப்பான்காரன் காலத்தில் சிபில் கார்த்திகேசு அந்தச் சிறிய ஊரில்தான் மருந்தகம் வைத்து, காட்டுக்குள் இருந்த போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் பார்த்தார். யூரேசியப் பெண், இலங்கைத் தமிழ் மருத்துவரின் மனைவி. 1943-இல் பிடித்துச் சித்திரவதை செய்தும் அவரிடமிருந்து காட்டிக்கொடுக்கும் ஒரு சொல் வரவில்லை. இந்த ஊர்களைக் காரில் கடக்கும்போது பெயர்ப்பலகை மட்டும்தான் படிக்கிறோம். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போனால் யோசிக்க நேரம் கிடைக்கிறது, இது சைக்கிளின் நல்ல குணம்.

பத்து காஜா பக்கம் வரவரச் செம்பனைதான். இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே நிழல். ஒரு காலத்தில் இதெல்லாம் கித்தாக் காடு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்னும் அங்கே வேலி கட்டி நிற்கிறது. அந்தச் சில கன்றுகளுக்குப் பின்னால்தான் நம் ஆட்கள் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்தார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி பங்கு திரட்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. எங்கள் தாத்தாவும் பத்து வெள்ளி கட்டியவர். ஆனால் அவர் வேலை செய்த தோட்டம் சங்கத்துக்கு வரவில்லை, கைமாறிக் கைமாறிக் கடைசியில் செம்பனையானது. லயத்தை இடித்தார்கள். அம்மா புந்தோங்குக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தின் பெயர் இப்போது ஒரு வீடமைப்புப் பகுதியின் பெயர்.

கெல்லி கோட்டையின் வாகன நிறுத்துமிடத்தில் சைக்கிளை விட்டபோது கைக்கடிகாரம் 22 கிலோமீட்டர் காட்டியது, 58 நிமிடம். அங்கிருந்து ஓட்டம். சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும் முதல் ஐந்து நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரியாது. தொடை வட்டமாகச் சுற்றிப் பழகியிருக்கிறது, இப்போது முன்னும் பின்னும் போகச் சொன்னால் கேட்காது. அடுத்தவர் காலை வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். இதற்காகவே பயிற்சியில் சைக்கிள் முடித்த கையோடு பத்து நிமிடமாவது ஓடிப் பழகவேண்டும். மணி எட்டரை, வெயில் ஏறிவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் முதல் இரண்டு கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். எனக்கு முன்னால் மலைச் சைக்கிள் அண்ணன் சீராகப் போய்க்கொண்டிருந்தார், கடைசி வரை அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஓட்டப் பாதையைக் கோட்டையிலிருந்து மாரியம்மன் கோயில் பக்கமாக வைத்திருந்தோம். அந்தக் கோட்டையின் கதை பலருக்குத் தெரியும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே ஆயிரம் ஏக்கர் வாங்கி ரப்பர் நட்டார். சொந்த ஊரை நினைத்துக் கிந்தா கெல்லாஸ் என்று தோட்டத்துக்குப் பெயர் வைத்தார். 1915-இல் மகன் பிறந்ததும் இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து, கொத்தனார்கள் மதராஸிலிருந்து. நடுவில் கொள்ளைக் காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் மடிந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் தீரும் என்று மற்றவர்கள் சொல்ல, துரை கட்டிக்கொடுத்தார். நன்றிக்கு, கோயில் கூரைமேல் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்போடு அவரையும் நிற்க வைத்துவிட்டார்கள். 1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார், மாளிகை முடியாமலே நின்றுவிட்டது.

சுற்றுலா வருகிறவர்கள் சுரங்கப்பாதையையும் பேயையும் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. லிப்ட் வைக்கத் திட்டமிட்டது வரை எல்லாம் பேசுகிறோம், காய்ச்சலில் போனவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எங்கும் பார்த்ததில்லை. பேய் என்று யாரைச் சொல்கிறோம்?

ஐந்து கிலோமீட்டருக்கு 39 நிமிடம். மாறும் நேரம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி ஆறு நிமிடம். ஒன்பது பேரில் ஏழாவது. ஒன்பது பேரும் முடித்தோம்.

தம்பி காரில் அம்மாவை அழைத்து வந்திருந்தான். நீச்சல் குளத்துக்கு வரமாட்டேன் என்று முதல்நாளே சொல்லிவிட்டவர், முடிக்கும் இடத்துக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஒன்பது பேருக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் காய்ந்து விறைத்திருந்தது. "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். "கழுத்தளவுதான்மா." "கால் எட்டுச்சா?" "எட்டுச்சு." வேறு ஒன்றும் கேட்கவில்லை, எல்லாருக்கும் இட்லி பரிமாறப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். வழியில், செம்பனைக்கும் சாலைக்கும் நடுவே யாரோ சின்னத் துண்டு நிலத்தில் வைத்திருந்த ரப்பர் மரங்கள் இருபது முப்பது நின்றன. அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் பதினான்கு வயதில் கத்தி பிடித்தவர். விடிகாலை ஐந்துக்குப் பிரட்டு, நெற்றியில் விளக்கு, தினம் நானூற்றைம்பது மரம். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், அதனால் இருட்டிலேயே நிரை நிரையாக ஓட்டமும் நடையுமாகப் போகவேண்டும். அதற்கப்புறம் அதே மரங்களைச் சுற்றிவந்து மங்கிலிருந்து பாலைச் சேர்க்கவேண்டும். பிறகு இரண்டு வாளியையும் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. இருபது வருடம். என் கடிகாரம் அளந்த கிலோமீட்டர்களை அவருடைய கணக்கோடு வைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அம்மா ஒரு மரத்தின் பக்கம் போய், வெட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். பட்டையில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. நல்ல வெட்டுக்காரர் கட்டை தெரியாமல், மெல்லிய தோல் மிச்சம் வைத்துச் சீவுவார். அவசரக்காரர் கட்டை வரை போய்விடுவார், அந்த இடத்தில் மரம் கட்டி கட்டியாகிவிடும், மறுபடி வெட்டமுடியாது.

"காயப்படுத்திட்டான்" என்றார். அடுத்த மரத்தையும் பார்த்தார், அதற்கடுத்ததையும். நாலாவது மரத்தில் நின்று, "இது வேற ஆளு, கை சுத்தம்" என்றார்.

ஆசிரியர் அண்ணன் பின்னாலிருந்து, "அடுத்த வாட்டி நீங்களும் சேருங்கக்கா, ஓட்டம் மட்டும்" என்றார். அம்மா திரும்பாமலே, "எத்தனை மணிக்கு ஆரம்பம்?" என்று கேட்டார்.

"ஆறே முக்கால்."

"அவ்வளவு நேரங்கழிச்சா?"